கடல் இல்லாத ஐரோப்பா

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் வரைபடம் அச்சடித்து விற்பது கையைக் கடிக்கிற தொழில். நிலத்தை அளக்க ஆள் அனுப்ப வேண்டும். அளந்து வந்ததைச் செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அச்சடித்த தாள் ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். இத்தனையும் முடித்துக் கடையில் தொங்கவிட்டால், வாங்கக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கே புவியியலாளர் என்று பட்டம் வாங்கியிருந்த தாமஸ் ஜெஃப்ரீஸ், 1766-இல் திவாலானார். பட்டம் கடனை அடைக்கவில்லை. ஆனால் அவரிடம் தொழில் பழகிவிட்டு வெளியே வந்திருந்த ஓர் இளைஞர் முதலாளி போன வழியில் போகவில்லை. அவர் ரம்பத்தைக் கையில் எடுத்திருந்தார்.

அவர் பெயர் ஜான் ஸ்பில்ஸ்பரி. 1739-இல் பிறந்தவர். நாடகக் கொட்டகைக்குப் பேர்போன ட்ரூரி லேனை ஒட்டி, ரஸ்ஸல் கோர்ட் என்ற சந்தில் கடை போட்டபோது வயது இருபத்துச் சொச்சம். இங்கிலாந்து உலகத்தை வளைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1757-இல் பிளாசி, 1759-இல் கியூபெக், 1761-இல் புதுச்சேரி என்று வெற்றிச் செய்திகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. செய்தியில் அடிபடும் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத கனவானுக்குக் காபிக் கடையில் மதிப்பில்லை. கனவான் வீட்டுப் பிள்ளைகளும் நாடுகளையும் நதிகளையும் தலைநகரங்களையும் நெட்டுருப் போட்டார்கள். காலையில் போட்டது மாலையில் மறந்தது. அந்த மறதியில் ஸ்பில்ஸ்பரி ஒரு வியாபாரத்தைக் கண்டுகொண்டார்.

அவர் செய்த வேலையில் மந்திரம் ஒன்றும் இல்லை. வண்ணம் தீட்டிய வரைபடத்தை மெல்லிய மகாகனிப் பலகையில் பசை தடவி ஒட்டினார். காய்ந்த பிறகு, நூல் போல மெலிந்த அலகு பூட்டிய கைரம்பத்தை எல்லைக்கோட்டின் மேலேயே ஓட்டினார். பிரான்சைச் சுற்றி ஒரு வெட்டு, ஸ்பெயினைச் சுற்றி ஒரு வெட்டு. இத்தாலியின் குதிகாலில் திரும்பும்போது அவசரப்பட்டால் அலகு முறியும். அழுத்திப் பிடித்தால் மேலே ஒட்டிய தாள் பிசிறடிக்கும். பிசிறடித்தால் அந்த நாட்டின் பெயரில் ஓர் எழுத்து போய்விடும். இப்படி ஒவ்வொரு ராஜ்யமாக அறுத்தெடுத்து, கடைசியில் முழு ஐரோப்பாவையும் கலைத்துப் பெட்டியில் போட்டு மூடினார். நாள்கணக்கில் உட்கார்ந்து தானே செதுக்கியதைத் தானே அறுத்துப் போட ஒரு துணிச்சல் வேண்டும். அறுபட்ட வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்க யார் வருவார்கள்?

வந்தார்கள். 1763-இல் லண்டனில் வெளியான தொழில் கையேடு ஒன்றில் ஸ்பில்ஸ்பரியின் பெயர் ஏறியது. செதுக்குவேலைக்காரர் என்பதோடு, புவியியல் பாடம் எளிதாக வரும்படி வரைபடங்களை மரத்தில் ஒட்டி அறுத்துத் தருபவர் என்றும் அதில் இருந்தது. உலகம், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, இங்கிலாந்தும் வேல்சும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து என எட்டு வகை. இவற்றைக் கடலோடும் வாங்கலாம், கடல் இல்லாமலும் வாங்கலாம். கடல் இல்லாவிட்டால் விலை குறைவு! கடலைச் சேர்த்தால் பலகை பெரிது, பெட்டி பெரிது, வெட்டும் கூடுதல். நிலத்தை மட்டும் அறுத்துக் கொடுத்தால் எல்லாமே மிச்சம். அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் கழித்துக்கட்டிவிட்டுத் தள்ளுபடி கொடுத்த இந்த யோசனை, வரைபடத்தை அறுத்த முதல் யோசனையைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. கடை நன்றாகவே ஓடியது. கடைக்காரருக்குத்தான் ஆயுள் ஓடவில்லை.

1769-இல், முப்பதை ஒட்டிய வயதில் ஸ்பில்ஸ்பரி இறந்துபோனார். அவர் அறுத்த ஐரோப்பா மட்டும் வீடு வீடாகப் பிழைத்துக் கிடந்தது. 1766-இல் அவர் வெளியிட்ட அந்த வரைபடத்தில் போலந்து ஒரு பெரிய ராஜ்யம். 1772-இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து நிஜப் போலந்தில் முதல் வெட்டைப் போட்டன. 1793-இல் இரண்டாவது வெட்டு. 1795-இல் மூன்றாவது வெட்டோடு அந்த நாடே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. லண்டன் குழந்தைகளின் பெட்டிக்குள் மட்டும் போலந்து முழுசாக இருந்தது. பெட்டி இப்படிப் பழசாகிக்கொண்டிருக்க, அதைக் கண்டுபிடித்தவர் ஸ்பில்ஸ்பரிதானா என்ற கேள்விக்கும் ஒரு பிரெஞ்சுக்காரி வடிவில் விதை விழுந்திருந்தது.

ழான் மரி லெப்ரான்ஸ் த போமோன் 1748 வாக்கில் லண்டனுக்கு வந்து, பெரிய வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதையை, இன்று உலகம் அறிந்திருக்கும் சுருக்கமான வடிவில் 1756-இல் வெளியிட்டவர் இவர்தான். ஸ்பில்ஸ்பரி கடை போடுவதற்கு முன்பே இவருடைய வகுப்புகளில் மரத்தில் ஒட்டிய வரைபடங்கள் புழங்கியதற்குத் தடயங்கள் பின்னாளில் அகப்பட்டன. அரண்மனையிலும் இதே கதை. மூன்றாம் ஜார்ஜின் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பில் இருந்த லேடி ஷார்லட் ஃபின்ச், அறுத்த வரைபடங்களை மகாகனி அலமாரியில் அடுக்கி வைத்துப் பாடம் நடத்தினார். அந்த அலமாரி இன்றும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கிறது. முதலில் தோன்றியது யாருக்கோ, கடை விரித்து விற்றவர் ஸ்பில்ஸ்பரி என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. அரண்மனைப் பிள்ளைகள் அமெரிக்காவை அதன் இடத்தில் வைக்கப் பழகியதும், 1783-இல் அப்பா அங்கிருந்த 13 காலனிகளை இழந்ததும் வேறு விஷயம். இந்தப் பலகைத் துண்டுகளுக்கோ வேறொரு வேலை முளைத்துக்கொண்டிருந்தது: யார் பணக்காரர், யார் ஏழை என்று காட்டிக்கொடுக்கும் வேலை.

1814-இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் ஏழை வீட்டுச் சிறுமி ஃபேனி, பணக்காரப் பெரியம்மா வீட்டுக்கு வளர வருகிறாள். வந்த சில நாளிலேயே அந்த வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள். ஐரோப்பாவின் வரைபடத்தைச் சேர்க்கக்கூட அவளுக்குத் தெரியவில்லையாம்! பாவம், அந்தப் பெட்டி அவள் வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்காது. இதற்குள் வரைபடத்தைத் தாண்டியும் ரம்பம் நகர்ந்திருந்தது. ஜான் வாலிஸ் என்ற பதிப்பாளர் 1788-இலேயே இங்கிலாந்தின் வரலாற்றைத் துண்டு போட்டு விற்றார். பிறகு பைபிள் காட்சிகள் வந்தன, நீதிக்கதைகள் வந்தன. எல்லாம் பிள்ளைகளின் நன்மைக்காகவே. ஒரு துண்டிலாவது சிரிப்பு இருந்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டது போல!

சிரிப்பு வர ஏறக்குறைய நூறு வருடம் பிடித்தது. 1880-களில் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் ஒரு ரயில் எஞ்சின் படத்தைத் துண்டு போட்டு, 'நொறுங்கிய எஞ்சின்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்து விற்றது. மன்னர்களின் வரிசையைக் கோத்துக் கோத்து அலுத்த பிள்ளைகளுக்கு நொறுங்கிய எஞ்சின் எப்படி இருந்திருக்கும்! கல்லச்சில் வண்ணப்படங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தன. அப்படியும் இந்தத் துண்டு விளையாட்டு குழந்தைகள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மீசை வைத்தவர் யாரும் அதன் பக்கம் போகவில்லை. அதைக் கூடத்து மேசைக்குக் கொண்டுவந்தது ஒரு புது ரம்பம்.

அமெரிக்க வீடுகளில் மரத்தில் பூவேலை செய்வது அப்போது நாகரிகமான பொழுதுபோக்கு. அதற்கென்று ஒரு மிதிரம்பம் விற்றார்கள். கால்மிதி தையல் மிஷினைப் போலத்தான் அதுவும்: காலால் மிதித்தால் ஊசி மாதிரி ஒரு மெல்லிய அலகு மேலும் கீழும் குதிக்கும், பலகையைத் திருப்ப இரண்டு கையும் கிடைக்கும். கைரம்பத்தில் நினைத்தே பார்க்க முடியாத வளைவுகளெல்லாம் அதில் சுலபமாக விழுந்தன. 1900-ஐ ஒட்டி, பாஸ்டனைச் சுற்றியிருந்த வசதியான வீடுகளில் யாருக்கோ கை அரித்தது. அழகான ஓவியம் ஒன்றைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடு எதையும் பார்க்காமல், மனம்போன போக்கில் அறுத்துத் தள்ளினார்கள். நூற்றுக்கணக்கில் துண்டுகள். பாடமும் இல்லை, நீதியும் இல்லை. அந்த ரம்பத்துக்கு ஜிக்சா என்று பெயர். 1908-க்குள் அந்தப் பெயர் ரம்பத்திலிருந்து வழுக்கி, அறுபட்ட படத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

ஆக, ஜிக்சா பசில்! பிறந்தநாள் பரிசாக வந்து, நான்காம் நாளே ஒரு துண்டு சோபாவுக்கு அடியில் போய், மீதி அலமாரி மேல் தூங்குகிற அதே அட்டைப்பெட்டிதான். ஸ்பில்ஸ்பரி ஜிக்சா ரம்பத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்று கடையில் கிடைக்கிற அட்டைப் புதிரையும் அந்த ரம்பம் தொடுவதில்லை. நடுவில் கொஞ்ச காலம்தான் பெயருக்கும் பொருளுக்கும் உறவு இருந்தது. அந்தக் கொஞ்ச காலத்தில் அமெரிக்கப் பணக்காரர்கள் தூக்கம் கெட்டார்கள்.

1908-இல் 500 துண்டுப் புதிர் ஒன்றின் விலை ஐந்து டாலர். சாதாரணத் தொழிலாளியின் மாதச் சம்பளமே ஐம்பது டாலர்தான். ஒவ்வொரு துண்டையும் ஒருவர் உட்கார்ந்து தனித்தனியாக அறுக்க வேண்டியிருந்ததால் அந்த விலை. அதனால் வார இறுதியில் கிராமத்து மாளிகைகளுக்கு விருந்துக்குப் போகிறவர்களின் பெட்டியில்தான் ஜிக்சா பயணம் செய்தது. சரி, அந்த விலைக்கு என்ன கிடைத்தது? இன்றைய கண்ணால் பார்த்தால் சித்திரவதை. பெட்டியின் மேல் படம் கிடையாது. உள்ளே இருப்பது கப்பலா கல்யாணமா என்று கடைசிவரை தெரியாது. தலைப்பு ஒன்று இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஆளைக் குழப்பத்தான். துண்டுகளுக்குக் கொக்கி கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் சும்மா படுத்திருக்கும். மூன்று மணி நேரம் சேர்த்ததை ஒரு தும்மல் கலைத்துவிடும். போதாததற்கு, வண்ணம் மாறுகிற கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டியிருப்பார்கள். பழுப்புக் கூரைக்கும் நீல வானத்துக்கும் நடுவே வெட்டு போனால், கூரைத் துண்டில் வானத்தின் வாடைகூட இருக்காது. எதை எதோடு சேர்ப்பது? இத்தனை தொல்லையும் சேர்ந்துதான் அதைக் கீழே வைக்க விடாமல் செய்தது. வியாபாரத்தின் மணம் மாசசூசெட்ஸின் சேலம் நகரத்தில் ஒருவர் மூக்கை எட்டியது.

அங்கே இருந்தது பார்க்கர் பிரதர்ஸ். பலகை விளையாட்டுகள் செய்து பெயர் வாங்கிய நிறுவனம். 1908-இல் 'பாஸ்டைம்' என்ற பெயரில் ஜிக்சா அறுக்கத் தொடங்கியது. ஆர்டர்கள் குவிந்த வேகத்தில், 1909-இல் மற்ற விளையாட்டுகளை நிறுத்திவிட்டு ஆலை முழுவதையும் ஜிக்சாவுக்குத் திருப்பிவிட்டது. ரம்பத்தில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். ஒரு நாளைக்கு ஒருவர் 1,400 துண்டு அறுக்க வேண்டும் என்பது கணக்கு. அத்தனை அவசரத்திலும் அவர்கள் வாத்து, நட்சத்திரம், நாற்காலி என்று விதவிதமான உருவங்களைத் துண்டுகளுக்கு நடுவே அறுத்துச் செருகினார்கள். துண்டுகளுக்குக் கொக்கியும் வந்தது. தும்மலுக்குப் பயந்த காலம் முடிந்தது. ஆனால் பைத்தியம் என்றால் தெளியத்தானே வேண்டும்? ஓரிரு வருடத்தில் தெளிந்தது. பார்க்கர் மறுபடி பழைய விளையாட்டுகளுக்குத் திரும்பியது. ஜிக்சா ஓரமாக உயிரோடு இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நெருப்பு அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்தில் வேறு விதமாகப் பற்றியது. போஸ்ட் கார்டு விற்ற ரஃபேல் டக் நிறுவனம் 'ஜாக்-ஜா' என்ற பெயரில் தன் படங்களை அறுத்து விற்றது. 1924-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் விளம்பரப் பிரிவுக்கு ஒரு யோசனை பிறந்தது. பர்மிங்ஹாமின் சாட் வேலி பொம்மை நிறுவனத்தைப் பிடித்து, தன் புத்தம்புது எஞ்சினின் படத்தை மர ஜிக்சாவாகச் செய்தது. தொடர்ந்து, தன் ரயில் போகும் ஊர்களின் கோட்டைகள், தேவாலயங்கள், கடற்கரைகள். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. இரண்டரை ஷில்லிங் விலையில் லட்சக்கணக்கில் போயின. சுவரில் ஒட்டிய விளம்பரத்தைக் கடந்து போய்விடலாம். இதில் விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கி, கோட்டையின் ஒவ்வொரு கல்லையும் தேடித் தேடிக் கோத்து, டிக்கெட் எடுக்காமலே ஊரைச் சுற்றிப் பார்த்தாகிவிடும். டிக்கெட் எடுக்கும் ஆசையையும் கிளப்பிவிடும். ரயில்வேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அதைவிடக் கெட்டிக்காரத்தனம், அமெரிக்காவில் ஒரு பல் தேய்க்கும் பிரஷோடு வந்தது.

1929-இல் பங்குச்சந்தை சரிந்து, 1932-இல் அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை போயிருந்தது. சினிமாவுக்குக் காசு இல்லை, ஹோட்டலுக்குக் காசு இல்லை, கையில் நேரம் மட்டும் மலைபோல் இருந்தது. வேலை போன தச்சர்களும் கட்டட வடிவமைப்பாளர்களும் வீட்டுக் கொல்லையில் ரம்பத்தைப் போட்டு ஜிக்சா அறுத்தார்கள். வாங்க முடியாதவர்களுக்கு மருந்துக்கடைகளும் வாடகை நூலகங்களும் சில சென்ட்டுகளுக்கு இரவு வாடகைக்கு விட்டன. அந்த வருடம் நியூயார்க்கின் ஐன்சன்-ஃபிரீமன் நிறுவனம் ஒரு வேலை செய்தது. பிரஷ் வாங்கினால் அட்டை ஜிக்சா இலவசம்! மரத்தில் ஒன்றொன்றாக அறுத்ததை இலவசமாகக் கொடுக்க முடியுமா? முடியாது. அங்கேதான் ரம்பம் வெளியேறி, டை உள்ளே வந்தது.

சிவகாசி அச்சகங்களில் அட்டைப்பெட்டி வெட்டுகிற டைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மரக்கட்டையில் எஃகுப் பட்டைகளை நெளித்து நெளித்துப் பதித்து, கூர் விளிம்பு மேலே நிற்கும்படி செய்ய வேண்டும். அதில் படம் ஒட்டிய அட்டையை வைத்து ஒரே அழுத்து. முந்நூறு துண்டு ஒரு நொடியில் தயார். அட்டை ஜிக்சா முன்பும் இருந்தது. ஆனால் பசி இருக்கிற இடத்துக்கு அது வந்து சேர்ந்தது இப்போதுதான். 1932 இலையுதிர் காலத்தில் வாரா வாரம் ஒரு புதுப் புதிர், புதன்கிழமை தோறும், பத்திரிகைக் கடையில், 25 சென்ட் விலையில் வந்தது. தெருவில் யார் முதலில் முடிக்கிறார்கள் என்று போட்டி. முதல் வாரங்களில் 12,000 அச்சிட்டவர்கள், வெகு சீக்கிரத்தில் ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் போனார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் குதித்தார்கள். 1933-இன் தொடக்கத்தில், எல்லா வகையும் சேர்த்து, வாரத்துக்கு ஒரு கோடி ஜிக்சா விற்றது. அமெரிக்காவில் இருந்த குடும்பங்களே சுமார் மூன்று கோடிதான். வேலை இல்லாத வீட்டில் ஏதோ ஒன்றாவது முழுசாகச் சேர்ந்தது என்ற நிம்மதிக்கு 25 சென்ட் அதிகமில்லை.

லாரல்-ஹார்டி இதை விட்டுவைப்பார்களா? 1933-இல் 'மீ அண்ட் மை பால்' என்று ஒரு குறும்படம் வந்தது. ஹார்டிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் லாரல் பரிசாக ஒரு ஜிக்சா பெட்டியோடு வருகிறார். கிளம்புவதற்குள் ஒரே ஒரு துண்டு என்று உட்கார்கிறார்கள். கூப்பிட வந்த டாக்சிக்காரர் உட்கார்கிறார். வண்டியை ஏன் இங்கே நிறுத்தினாய் என்று கேட்க வந்த போலீஸ்காரர் உட்கார்கிறார். தந்தி கொண்டுவந்த பையனும் உட்கார்கிறான். அங்கே பெண்ணும் பெண்ணின் அப்பாவும் காத்துக் கிடக்கிறார்கள். கடைசியில் வீட்டில் அடிதடி. ஒரு துண்டைக் காணோம்! தந்தியில் வந்த சேதியைப் படிக்காமல் விட்டதால் ஹார்டியின் பங்குப் பணமும் போய்விடுகிறது. நாடு முழுக்கப் பங்குப் பணம் போன காலத்தில் தியேட்டரே அதைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் அதே வருடம் விற்பனை மளமளவென்று விழுந்தது. வாரப் புதிர்கள் வந்த வேகத்திலேயே மறைந்தன.

எல்லோரும் மலிவுக்கு ஓடியபோது எதிர்த்திசையில் ஓடிய இருவர் இருந்தார்கள். நியூயார்க்கின் ஃபிராங்க் வேரும் ஜான் ஹென்ரிக்ஸும் 1932-இல் சாப்பாட்டு மேசையில் ஜிக்சா அறுக்கத் தொடங்கியவர்கள். அவர்களுடைய 'பார்' நிறுவனம் பணக்காரர்களைத் துன்புறுத்துவதையே தொழிலாக்கியது. முதலில் ஓரத் துண்டுகளைத் தேடுவதுதானே எல்லோருடைய வழக்கம்? அவர்கள் நேரான ஓரமே இல்லாமல் அறுத்தார்கள். மூலைத்துண்டு போல இருப்பது படத்தின் நடுவில் போய் உட்காரும். தலைப்பு பொய் சொல்லும். ஒவ்வொன்றிலும் அவர்கள் கையெழுத்தாக ஒரு கடல்குதிரைத் துண்டு இருக்கும். ஹாலிவுட் நட்சத்திரங்களும் சிம்மாசனத்தைத் துறந்த விண்ட்சர் கோமகனும் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். தொல்லை கொடுக்கக் கொடுக்க விலை ஏறும் என்ற பாடத்தை, முப்பது வருடம் கழித்து ஒரு தம்பதி அட்டையில் செய்து பார்த்தார்கள்.

ராபர்ட், கேட்டி லெவின் தம்பதி நடத்திய ஸ்பிரிங்போக் நிறுவனம், 1964-இல் ஜாக்சன் பொல்லாக்கின் 'கன்வர்ஜன்ஸ்' ஓவியத்தை 340 துண்டுகளாக வெட்டியது. பொல்லாக் கேன்வாஸைத் தரையில் விரித்து, பெயிண்ட்டைச் சொட்டியும் வீசியும் வரைந்தவர். அந்தப் படத்தில் கூரையும் இல்லை, வானமும் இல்லை, மூக்கும் இல்லை. உலகத்திலேயே கடினமான ஜிக்சா என்று விளம்பரம் செய்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வாங்கிக்கொண்டு போய்த் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அடுத்து, சிவப்புத் தொப்பிச் சிறுமியின் தொப்பி என்ற பெயரில் முழுக்க முழுக்கச் சிவப்பாக ஒரு புதிர் வந்தது. ஏழு குள்ளர்கள் இல்லாத ஸ்னோ ஒயிட் என்று வெள்ளை வெளேரென்று இன்னொன்று. அச்சு மை மிச்சம் என்று சொல்ல வேண்டியதுதான்! கடலை விட்டுவிட்டு விலையைக் குறைத்தவரின் வாரிசுகள், படத்தையே விட்டுவிட்டு விற்றார்கள்.

அதற்குப் பிறகு அளவுதான் வளர்ந்தது. 2011 செப்டம்பரில் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் 1,600 பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் உள்ளரங்கத் தரையில் 5,51,232 துண்டுகளைச் சேர்த்தார்கள். 17 மணி நேரம் ஆனது. ஸ்பெயினின் வல்லதோலித் நகரத்தில் 2019-இல் உலகச் சாம்பியன் போட்டியே தொடங்கிவிட்டது. அங்கே 500 துண்டை நாற்பது நிமிடத்துக்குள் முடிக்கிறவர்கள் உண்டு. 2020-இல் கொரோனா எல்லோரையும் வீட்டில் அடைத்தபோது, 1932-ஐப் போலவே கடைகளில் ஜிக்சா தீர்ந்துபோனது. மரத்தில் செய்த இந்திய வரைபடம் இங்கேயும் பொம்மைக் கடைகளில் விற்கிறது. ஸ்பில்ஸ்பரியின் சரக்கு அப்படியே. போலந்துக்கு வந்த கதியும் அப்படியே. 2014-க்கு முந்தைய பலகையில் தெலங்கானாவுக்குத் துண்டே இல்லை.

டை முறையில் ஒரு ரகசியம் ஒளிந்திருந்தது. ஒரு டை செய்ய ஏகச் செலவு என்பதால் கம்பெனிகள் அதையே பல படங்களுக்குப் பயன்படுத்தின. அப்படியானால் ஒரு பெட்டியின் துண்டு இன்னொரு பெட்டியின் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாகப் பொருந்த வேண்டுமே? பொருந்தியது. அமெரிக்கக் கலைஞர் டிம் க்ளைன், பழைய பெட்டிகளைத் தேடி வாங்கி, ஒரே டையில் வெட்டிய இரண்டு படங்களைக் கலந்து, குதிரையின் உடம்பில் ரயில் எஞ்சினைப் பூட்டி வைத்தார். அறுத்தவர் யாரும் நினைக்காத படம் அது.

பார் நிறுவனத்தின் குறும்புக்கு ஒரு வாரிசு வெர்மான்ட் மாநிலத்தில் கிளம்பினார். 1974-இல் தொடங்கிய ஸ்டேவ் நிறுவனத்தின் ஸ்டீவ் ரிச்சர்ட்சன். மர ஜிக்சாவை இன்னும் ஒன்றொன்றாக அறுக்கிற கூட்டம் அது. ரிச்சர்ட்சன், தலைமைச் சித்திரவதைக்காரர் என்று தனக்குத்தானே பதவி கொடுத்துக்கொண்டவர். 1989 ஏப்ரல் 1-ஐ ஒட்டி அவர் ஒரு புதிரை விற்றார். மொத்தம் ஐந்தே துண்டுகள். பெயரிலேயே சுலபம் என்று இருந்தது. ஆயிரம் துண்டுகளைப் பொழுதுபோக்காக முடிக்கிற வாடிக்கையாளர்கள் அதை வாங்கிப் போய், திருப்பி வைத்தார்கள், புரட்டி வைத்தார்கள், விடிய விடிய உட்கார்ந்தார்கள். எப்படி வைத்தாலும் ஒரு துண்டு முரண்டு பிடித்தது. அதற்கு விடையே கிடையாது என்ற உண்மையை ரிச்சர்ட்சன் பிறகுதான் வெளியிட்டார். ரசிக்காதவர்களும் இருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.